முதல் வேலை விசா: வன்னியிலிருந்து போகிறவர் எங்கே விண்ணப்பிப்பது?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கமிருந்து முதன்முதலாக வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடவுச்சீட்டில் இன்னும் ஒரு விசாவும் விழாதவர் என்று வைத்துக்கொள்வோம்.

ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த நாடு நல்லது?" என்றுதான். பக்கத்து வீட்டுப் பெடியன் ருமேனியா போய்விட்டான், மாமாவின் மகன் டுபாயில் நிற்கிறான், அதனால் நானும் அங்கே என்று முடிவெடுத்துவிடுகிறோம். அதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அந்த நாட்டில் உங்கள் பெயரில் விசாக் கோப்பைத் திறப்பவர் யார்? விசா எந்த இடத்தில் குத்தப்படும்? அதில் என்ன வேலை என்று இருக்கும்? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்கிற நாடுதான் முதல் பயணத்துக்கு உகந்தது. அத்தோடு, முதல் விசா வேலை விசாவாகவே இருக்கவேண்டும், இலங்கையில் இருக்கும்போதே, விமானம் ஏறமுன் கையில் வரவேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நாட்டைத் தேடமுன் பெயரைச் சரிசெய்யுங்கள்

வன்னியில் பலருக்குச் சிக்கல் தொடங்குவதே இங்கேதான். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருக்கும். பிறகு எடுத்த அடையாள அட்டையில் பெயரின் ஓர் எழுத்து மாறியிருக்கும். பள்ளிக்கூடச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் பின்னால், ஆங்கில எழுத்துக்கூட்டல் இரண்டிலும் வேறு. ஊரில் இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. தூதரக மேசையில் அது இரண்டு வேறு ஆட்கள்.

ஆகவே பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியொன்றைப் பிரதேச செயலகத்தில் எடுங்கள். பிறப்பே பதியப்படாமல் போனவர்கள் அனுமான வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பிறகு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரச் சான்றிதழ், தொழிற்பயிற்சிச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த திகதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் கடவுச்சீட்டு எடுக்கமுன்னரே திருத்துங்கள். திருத்த முடியாதவற்றுக்குச் சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள்.

கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லைக்கு ஓடத் தேவையில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வவுனியாவிலேயே இருக்கிறது. முன்னரே எடுத்து வைத்திருப்பவர்கள் காலாவதித் திகதியைப் பாருங்கள். இரண்டு வருட ஒப்பந்தத்துக்குப் போகிறவருடைய கடவுச்சீட்டு ஒரு வருடத்தில் முடியுமானால் புதிதாக எடுத்துக்கொண்டே தொடங்குவது நல்லது.

உடம்பில் செல் துண்டு இருக்கிறவர்கள்

இது வேறு இடத்து வழிகாட்டிகளில் இருக்காது, அதனால் தனியாகவே சொல்கிறேன். வளைகுடா நாடுகளுக்கு 'வஃபித்' முறையில் பதிந்து, அவர்கள் அங்கீகரித்த நிலையமொன்றில் மெடிக்கல் செய்யவேண்டும். பழையவர்கள் இதை 'கம்கா மெடிக்கல்' என்பார்கள். அதில் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. பழைய காசநோயின் தழும்பு தெரிந்தாலே தகுதியில்லை என்று எழுதிவிடக்கூடும். போர்க்காலத்துச் செல் துண்டு உடம்பில் இருந்தால் அதுவும் எக்ஸ்ரேயில் தெரியும், கேள்வி வரும்.

காசு கட்டிய பிறகு இதை அறிவது கொடுமை. ஒருவருக்கும் ஒரு சதம் கொடுக்கமுன் கிளிநொச்சி அல்லது வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்து, துண்டு எங்கே இருக்கிறது, வேலை செய்யத் தடை உண்டா இல்லையா என்று வைத்தியரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்கி வையுங்கள். வளைகுடா சரிவராது என்று அப்போதே தெரிந்தால் வேறு நாட்டைப் பார்க்க நேரம் மிஞ்சும். கொரியா போக நினைப்பவர்கள் நிறக்குருடு இருக்கிறதா என்பதையும் முதலே சோதித்துக்கொள்ளுங்கள்.

எந்த நாட்டில் கோப்பைத் திறப்பவர் யார்

நாடுகளை நான் சம்பளத்தை வைத்துப் பிரிப்பதில்லை. விசாக் கோப்பு யார் கையில் தொடங்குகிறது என்பதை வைத்தே பார்க்கிறேன்.

அரசோடு அரசு பேசி ஆள் எடுக்கிற நாடுகள் முதலில். தென்கொரியாவின் இ-9 விசா இந்த வகை. இலங்கையில் அதை நடத்துவது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மட்டும்தான். கொரிய மொழிப் பரீட்சை எழுதவேண்டும், வயது 18 முதல் 39 வரை. பரீட்சையில் சித்தியடைந்தாலும் அங்கே ஒரு முதலாளி உங்கள் பெயரைத் தெரிவு செய்தால்தான் பயணம். அதனால் "கொரியாவுக்கு நேரே ஏற்றிவிடுகிறேன்" என்று யாராவது கிளிநொச்சியில் கதிரை போட்டு இருந்து சொன்னால் அது பொய். இஸ்ரேலுக்குப் பராமரிப்பு வேலைக்கும் விவசாய வேலைக்கும் போகிற வழியும் இப்படி அரசு ஒப்பந்தத்தின் கீழ்தான். அங்கே நடக்கிற சண்டையை நினைத்து வீட்டாரோடு பேசி முடிவெடுங்கள். யுத்தம் என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

ஜப்பானுக்கு 'குறித்த திறன் தொழிலாளர்' விசா என்று 2019 முதல் ஒரு வழி இருக்கிறது. ஜப்பானிய மொழியில் என்4 மட்டம் அல்லது அதற்குச் சமமான அடிப்படைப் பரீட்சை, கூடவே தொழில் திறன் பரீட்சை. இரண்டும் முடித்து வேலை கிடைத்தால், ஜப்பானின் குடிவரவு அலுவலகம் தகுதிச் சான்றிதழொன்றைக் கொடுக்கும். அதைக் கொண்டுபோய்க் கொழும்பிலுள்ள ஜப்பான் தூதரகத்தில் விசா குத்தவேண்டும். சான்றிதழ் 3 மாதம்தான் செல்லும். இன்னொரு வழியான தொழில்நுட்பப் பயிலுநர் திட்டத்துக்குப் பதிலாக 2027 ஏப்ரலில் புதிய முறை வருகிறது. இப்போது அந்த வகுப்பில் சேருகிறவர்கள் தங்களுக்கு எந்த முறை பொருந்தும் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். மொழி படிக்க ஒரு வருடம் பொறுக்கக்கூடிய இளம் ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது கொரியாவும் ஜப்பானும்தான். படித்த மொழி கையில் நிற்கும், கடன் குறைவாக இருக்கும்.

வளைகுடாவில் கட்டார் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2018 ஒக்டோபரில் அவர்கள் தங்கள் முதலாவது விசா நிலையத்தைக் கொழும்பில்தான் திறந்தார்கள். கைரேகை, மருத்துவப் பரிசோதனை, ஒப்பந்தத்தில் கையெழுத்து மூன்றும் இங்கேயே, உங்கள் முன்னாலேயே நடக்கின்றன. ஒப்பந்தத்தைத் தமிழிலும் வாசிக்கத் தருமாறு கேளுங்கள். இங்கே சொன்ன சம்பளமும் அங்கே தருகிற சம்பளமும் வேறாக இருப்பதுதான் வளைகுடாவின் பழைய வியாதி. அதற்கு இது ஒரு மருந்து. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு இப்போது கடவுச்சீட்டில் ஒட்டுகிற விசா இல்லை. வேலைக்கான நுழைவு அனுமதி மின்னஞ்சலில் வரும், அதன் இலக்கத்தை அவர்களுடைய அரச இணையத்தளத்தில் போட்டுப் பார்க்கலாம். குவைத்தில் 20ஆம் பிரிவு வீட்டு வேலைக்கு, 18ஆம் பிரிவு தனியார் நிறுவன வேலைக்கு. கடையில் வேலை என்று சொல்லி 20 குத்தி அனுப்பினால் அது வேறு வேலை, வேறு சட்டம்.

வீட்டு வேலைக்குப் போக நினைக்கிற தாய்மாருக்குத் தனி நிபந்தனைகள் உண்டு, முக்கியமாகச் சிறு பிள்ளைகள் இருந்தால். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். முதலில் அவரிடம் போங்கள், முகவரிடம் பிறகு போகலாம்.

ருமேனியா இப்போது எங்கள் பக்கத்தில் பெரிய பேச்சு. அங்கே கோப்பைத் திறப்பவர் முதலாளி. அவர் தன் நாட்டுக் குடிவரவு அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு வேலை அனுமதி எடுக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் நீங்கள் கொழும்பிலுள்ள ருமேனியத் தூதரகத்தில் நீண்டகால வேலை விசாவுக்கு விண்ணப்பிப்பது. ஆகவே "முதலில் காசைக் கட்டு, விசா வரும்" என்கிறவரிடம் அந்த வேலை அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். 2025 ஜனவரி 1 முதல் ருமேனியா முழுமையாக ஷெங்கன் வலயத்தில் (எல்லைச் சோதனை இல்லாமல் போய்வருகிற ஐரோப்பிய நாடுகள்) இருப்பதால், அங்கே இறங்கி பிரான்சுக்கோ இத்தாலிக்கோ நழுவலாம் என்று ஆசை காட்டுகிறார்கள். ருமேனிய வேலை விசா ருமேனியாவில் வேலை செய்யத்தான். நழுவினவர் அடுத்த நாளே விசா இல்லாதவர் ஆகிவிடுகிறார், கடன் மட்டும் அப்படியே நிற்கிறது.

பிரித்தானியாவுக்குப் போக, அந்நாட்டு உள்துறையின் அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்று அனுசரணைச் சான்றிதழ் தரவேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அரச தளத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. பராமரிப்பாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22இல் மூடிவிட்டார்கள். இன்னமும் "கெயார் விசா" என்று காசு கேட்கிறவர் உங்களை ஏமாற்றுகிறார், அதில் சந்தேகமே வேண்டாம்.

கொழும்பா, வேறு நாடா

"இங்கே கிடைப்பது கஷ்டம், விசிட்டில் டுபாய் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்." "தாய்லாந்து போனால் அங்கேயிருந்து போட்டுத் தருவார்கள்." இரண்டும் அடிக்கடி காதில் விழுகிற கதைகள்.

முதல் விசாவுக்கு இதைச் செய்யாதீர்கள். கொழும்பில் விசா மறுக்கப்பட்டால் இரவு பஸ் ஏறி விடிய வீட்டுக்கு வந்துவிடலாம். இன்னொரு நாட்டில் மறுக்கப்பட்டால், விசிட் விசாவின் நாட்கள் ஓட ஓட, அறை வாடகையும் சாப்பாட்டுக் காசும் கரையும். பதற்றத்தில் என்ன வேலை கொடுத்தாலும் பிடிக்கிற நிலைக்கு வந்துவிடுவீர்கள். அதை எதிர்பார்த்தே அங்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப்போய் மியன்மாரின் மியாவடிப் பக்கத்து மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட இலங்கையர்களை மீட்க அரசு படாத பாடு பட்டது. ஐரோப்பா என்று சொல்லி ரஷ்யாவுக்குக் கொண்டுபோய்ப் போர்முனையில் விட்ட கதைகளும் வடக்கில் புதிதல்ல.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தூதரக அதிகாரி உங்களை எடைபோடுவது உங்கள் ஊரை, படிப்பை, குடும்பத்தை, காகிதங்களை வைத்து. கொழும்பிலிருக்கிற அதிகாரி இலங்கைக் காகிதங்களை நாள்தோறும் பார்ப்பவர். கிராம அலுவலரின் சான்று என்றால் என்ன, என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) மட்டம் 4 என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். வேறு நாட்டு மேசையில் இருக்கிறவர் "சொந்த நாட்டை விட்டு ஏன் இங்கே வந்து கேட்கிறாய்?" என்பதிலிருந்துதான் தொடங்குவார்.

இதற்கு இரண்டு விதிவிலக்குகளை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒன்று, கொழும்பில் தூதரகம் வைத்திராத நாடுகள். குரோவேஷியா ஓர் உதாரணம், இலங்கைக்குப் பொறுப்பான அதன் தூதரகம் புது தில்லியில் இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டுக்கு விண்ணப்பம் கொடுக்கவும் கைரேகை வைக்கவும் எங்கே போகவேண்டும் என்பதைத் தூதரகத்தின் சொந்தத் தளத்திலேயே பாருங்கள். இந்தியப் பயணம், தங்குமிடம் எல்லாவற்றையும் செலவுக் கணக்கில் முதலே சேருங்கள். மற்றது, ஏற்கெனவே வேறு நாட்டில் வதிவிட அனுமதியோடு வாழ்கிறவர்கள். தோஹாவில் நாலு வருடம் வேலை செய்கிற ஒருவர் அடுத்த நாட்டுக்கு அங்கிருந்தே விண்ணப்பிப்பது முறைதான். விசிட்டில் போய் நிற்பது வதிவிடம் ஆகாது.

அமெரிக்காவைப் பற்றியும் சொல்லவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலிருந்தும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வெளியேறுகிற பிள்ளைகள் எச்-1பி என்ற, பட்டதாரிகளுக்கான அமெரிக்க வேலை விசா பற்றிக் கேட்கிறார்கள். அங்கே கோப்பைத் திறப்பவர் முதலாளி. மார்ச்சில் பதிவும் தெரிவும், ஒக்டோபர் 1 முதல் வேலை. முதலாளியின் மனு ஏற்கப்பட்ட பிறகுதான் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவமும் நேர்முகமும். முன்பெல்லாம் மெக்சிகோ, கனடா போய் முதல் விசா குத்தினவர்கள் இருந்தார்கள். 2025 செப்டம்பரில் அமெரிக்கா அறிவித்தபடி குடியேறாதோர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் குடியுரிமை நாட்டில் அல்லது வதிகிற நாட்டில்தான் விண்ணப்பிக்கவேண்டும். இலங்கையில் வாழ்கிற இலங்கையருக்கு அது கொழும்பு. அதே மாதம் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறவருக்கான புதிய மனுவுக்கு முதலாளி 100,000 டொலர் கட்டவேண்டும் என்ற ஆணையும் வந்தது. ஆகவே இங்கிருந்து நேரே எச்-1பி என்பது மிகச் சிலருக்கே சாத்தியம். அங்கே படித்துக்கொண்டே மாணவர் நிலையிலிருந்து எச்-1பிக்கு மாறியவர்களிடம் மனு அனுமதி இருக்கும், கடவுச்சீட்டில் எச்-1பி விசா இருக்காது. அங்கேயே இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒருமுறை ஊருக்கு வந்தால் திரும்பப் போகக் கொழும்பில் முதல் விசா குத்தியே ஆகவேண்டும். கலியாணம், செத்த வீடு என்று அவசரமாக வருகிறவர்கள் நேர்முகத் திகதி கிடைக்குமா என்று பார்க்காமல் ரிக்கெற் போடவேண்டாம்.

படிவத்தில் உண்மையை எழுதுங்கள்

கடந்த வருடங்களில் எங்கெங்கே வாழ்ந்தீர்கள் என்று சில படிவங்கள் கேட்கும். எங்களுக்கு அது நீண்ட பட்டியல். 2008, 2009இல் இடம்பெயர்ந்த இடங்கள், மெனிக் பாம் முகாம், பிறகு மீள்குடியேற்றம். உறவினரிடம் கேட்டு ஆண்டு, மாதம் வாரியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். பொலிஸ் நற்சான்றிதழுக்கும் அதே பட்டியலே உதவும். ஒரு விண்ணப்பத்தில் ஒன்று, மற்றதில் வேறொன்று என்று இருக்கக்கூடாது.

ஆயுதக் குழு எதிலாவது இருந்தீர்களா, தொடர்பு இருந்ததா என்று அமெரிக்கப் படிவம் நேரடியாகவே கேட்கும். வேறு நாடுகளும் வேறு சொற்களில் கேட்கும். முகவர்கள் யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று அடித்துவிடுவார்கள். புனர்வாழ்வு பெற்றவர்கள், கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள், சிறு வயதில் பிடிக்கப்பட்டவர்கள் தயவுசெய்து அந்தப் பொத்தானை முகவர் கையில் விடாதீர்கள். அந்த நாட்டுக் குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருதரம் பேசிவிட்டே படிவத்தைத் தொடுங்கள். உள்ளதைச் சொன்னால் விசா மறுக்கப்படலாம், அது உண்மை. மறைத்து அகப்பட்டால் அந்த நாட்டின் கதவு நிரந்தரமாக மூடப்படலாம். சிலருக்கு அந்தக் கேள்வி இல்லாத நாடே சரியான தெரிவாக இருக்கும். அதையும் நாடு தேடும்போதே யோசியுங்கள்.

முன்னர் எங்காவது விசா மறுக்கப்பட்டிருந்தால், படகில் போய்த் திருப்பி அனுப்பப்பட்டிருந்தால், அதையும் கேட்கிற இடத்தில் எழுதவேண்டும். கைரேகை பல நாடுகளில் பரிமாறப்படுகிறது. எச்-1பிக்குப் போகிறவர்கள் கடந்த 5 வருடத்தில் பாவித்த சமூக ஊடகக் கணக்குகளையும் எழுதவேண்டும். 2025 டிசம்பர் 15 முதல் அவற்றைப் பொதுவில் திறந்து வைக்கும்படியும் கேட்கிறார்கள்.

காசு கொடுக்கமுன்

ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பவர் பெரும்பாலும் உப முகவர். அவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்காது, கொழும்பிலிருக்கிற ஒரு நிலையத்தின் பெயரைச் சொல்வார். அந்த நிலையத்தின் அனுமதி இலக்கம் என்ன, உங்களுக்குச் சொல்கிற அந்த வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். நிலையம் அனுமதி பெற்றதாக இருந்தும் அந்த வேலைக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம், பலர் வழுக்குவது இங்கேதான். பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்தால் தமிழில் கேட்டறியலாம். வாட்ஸ்அப்பிலும் டிக்டொக்கிலும் வருகிற விளம்பரத்துக்கும் இதே சோதனைதான்.

பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டைக் கொடுத்தால் அதற்கும் எழுத்தில் வாங்குங்கள். காணி உறுதியை வைத்துக் கடன் எடுத்தால்தான் போகலாம் என்ற நாடாக இருந்தால், அந்த நாட்டை விடுங்கள் என்பது என் கருத்து. அந்தக் காசில் ஒரு பங்கைச் செலவழித்து கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்திலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ ஒரு தொழிலை முறையாகக் கற்று என்விகியூ எடுத்தால், 'கூலி' என்று விழவேண்டிய விசா 'வெல்டர்' என்றோ 'மின்னிணைப்பாளர்' என்றோ விழும். சம்பளம் அங்கேயே மாறிவிடும்.

சான்றிதழ்களுக்கு வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி தேவைப்பட்டால் யாழ்ப்பாணத்திலேயே அமைச்சின் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் உண்டு. வளைகுடா நாடுகள் பல அதற்கு மேல் தங்கள் தூதரக முத்திரையும் கேட்கும்.

விசா வந்த பிறகு

கையில் வந்ததும் அங்கேயே நின்று வாசியுங்கள். பெயர், கடவுச்சீட்டு இலக்கம், விசா வகை, தொழில், முதலாளியின் பெயர், எத்தனை தடவை நுழையலாம், எந்தத் திகதிக்குள் நுழையவேண்டும். ஓர் எழுத்துப் பிழையைக்கூட அன்றைக்கே சொல்லுங்கள். அரபியில் இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், முகவரைத் தவிர.

அப்புறம் பணியகத்தில் பதிவு. முகவர் இல்லாமல் சொந்தமாக வேலை தேடினவரும் புறப்படமுன் பதியலாம், பதியவும் வேண்டும். காப்புறுதியும், அங்கே பிரச்சினை வந்தால் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவு உங்களைத் தேடுவதற்கான அடையாளமும் அந்தப் பதிவுதான். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பதிவையும் புதுப்பியுங்கள். கடவுச்சீட்டின் முதல் பக்கம், விசா, ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள், முகவரின் அனுமதி இலக்கம் ஆகியவற்றின் பிரதிகளை ஓர் உறையில் போட்டு வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். அதே பிரதிகளைப் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கும் அனுப்பி வையுங்கள். அங்கே கைபேசியைப் பறித்தாலும் அவை இருக்கும். போய் இறங்கிய நாளிலேயே முதலாளியின் முகவரியையும் தங்குமிடத்தையும் வீட்டுக்கு எழுதி அனுப்புங்கள்.